தலைமறைவானவருக்கு ஓட்டு உண்டு

சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பக்கம் எங்காவது பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் வரும் செய்திக்கு ஓர் அச்சு உண்டு. மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது. இத்தனை அறைகள் தரைமட்டம். இத்தனை பேர் உடல் கருகிப் பலி. முதல்வர் இரங்கல், நிவாரணம். கடைசிப் பத்தியில் இரண்டே வரி: ஆலையின் போர்மேன் கைது செய்யப்பட்டார், தலைமறைவான உரிமையாளரைப் போலீசார் தேடி வருகின்றனர்.

இந்த இரண்டு வரியை என் வாழ்நாளில் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஊரும் தேதியும் மாறும், வாக்கியம் மாறாது. எல்லா முதலாளியும் ஓடிவிடுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கைதாகிறவர்களும் இருக்கிறார்கள், நஷ்டஈட்டை மறுநாளே கொண்டு வந்து கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செய்தியின் இலக்கணம் அப்படித்தான் அமைந்துவிட்டது. போர்மேன் என்றால் முதலாளியின் வலதுகை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அவரும் இதே கரிசல் மண்ணில் சின்ன வயதில் திரி வெட்டப் போனவர்தான். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி மாதச் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை உட்கார வைத்தது அவரா, உள்குத்தகைக்கு எடுத்தவரா, உரிமம் வைத்திருப்பவரா என்பது பிறகு கோர்ட்டில் பேசப்படும். பல வருஷம் பேசப்படும்.

அந்த இரண்டு வரிக்கு நடுவில் ஒரு சட்டப்பிரிவு ஒளிந்திருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5). சிறைத்தண்டனையிலோ, நாடுகடத்தல் தண்டனையிலோ, வேறு வகையிலோ சிறையில் அடைபட்டிருப்பவரும், போலீசின் சட்டப்படியான காவலில் இருப்பவரும் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடக் கூடாது என்கிறது அது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. ஆக, கைதான போர்மேனுக்கு ஓட்டு இல்லை. தலைமறைவானவருக்கு ஓட்டு உண்டு. தேர்தல் நாளுக்குள் அவர் முன்ஜாமீன் வாங்கிவிட்டால் வரிசையில் நின்று, விரலில் மை வைத்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தை இலக்கியப் பிரதியாக வாசிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. வக்கீல்கள் அதைக் கருவியாக வாசிக்கிறார்கள். நாம் வாசிப்பதே இல்லை. ஆனால் மேலே சொன்ன வாக்கியத்தில் ‘வேறு வகையிலோ’ என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், ஒரு நல்ல கதையில்கூட ஒற்றைச் சொல் அவ்வளவு பேரைத் தூக்கிச் சுமந்து நான் பார்த்ததில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். சட்டப்படி அவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்ல. அத்தனை பேரும் அந்த ‘வேறு வகையிலோ’வுக்குள் அடக்கம். பக்கத்திலேயே ‘நாடுகடத்தல்’ இருக்கிறது. அந்தமானுக்குக் கப்பலேற்றும் தண்டனையை 1955-லேயே எடுத்தாயிற்று. சொல்லை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆள் இல்லாத கொட்டடியைப் பெருக்கித் துடைத்து வைத்திருப்பதுபோல அது அங்கேயே கிடக்கிறது.

இந்தப் பிரிவு செல்லுமா என்று கேட்டு டெல்லியில் ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில் 1997 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அனுகுல் சந்திர பிரதான் வழக்கு என்பார்கள். எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா. இதே வர்மா அடுத்த மாதமே விசாகா வழக்கின் தீர்ப்பை எழுதினார். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிச் சட்டமே இல்லாதபோது, நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும்வரை நாங்கள் சொல்வதே விதி என்று எழுதிய கை அது. அப்படிப்பட்ட ஒருவர் எழுதியதால்தான் இந்தச் சிறிய தீர்ப்பை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். சாதாரண நீதிபதி எழுதியிருந்தால் விட்டிருப்பேன்.

தீர்ப்பின் காரணங்கள் சிலவே. அரசியல் குற்றமயமாவதைத் தடுப்பது இந்தப் பிரிவின் நோக்கம், குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து தள்ளி வைப்பது நியாயமானதே என்பது முதலாவது. சிறையில் இருப்பவர் தன் நடத்தையால் அங்கே போனவர், வெளியே இருப்பவருக்குள்ள சுதந்திரத்தை அவர் கேட்க முடியாது என்பது அடுத்தது. எல்லாக் கைதிகளையும் ஓட்டுப் போட அழைத்துப் போவதென்றால் அதற்கு எத்தனை போலீஸ், எத்தனை பாதுகாப்பு வேண்டும், நாட்டில் அதற்கு வசதி ஏது என்பது மூன்றாவது. ஓட்டுரிமையே சட்டம் கொடுத்த உரிமைதான், கொடுத்த சட்டம் அதற்கு எல்லை வகுக்கலாம் என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பலகை.

முதல் காரணத்தில் ஒரு கதாபாத்திரக் குழப்பம் இருக்கிறது. நாவலில் இப்படி நடந்தால் நாம் விட மாட்டோம். வழக்கு ஓட்டுப் போடுகிறவரைப் பற்றியது. காரணமோ ஓட்டுக் கேட்டு நிற்கிறவரைப் பற்றியது. அரசியல் குற்றமயமாவது என்றால் நம் மனதில் வருவது யார்? வெள்ளை வேட்டி, பின்னால் நாலு வண்டி, மேடையில் துண்டு. அவரைத் தடுக்க வேண்டும் என்று ஆரம்பிக்கும் வாக்கியம், முடியும்போது திருட்டுத்தனமாகக் கருந்திரி உருட்டியதாகப் பிடிபட்டு சூரிட்டி கிடைக்காமல் உள்ளே இருக்கும் கூலிக்காரரின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு முடிகிறது. வெள்ளை வேட்டிக்காரர் ஜாமீனில் வெளியேதான் இருக்கிறார்.

பிறகு நடந்தது இன்னும் விநோதம். 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம், ஓட்டுப் போட முடியாதவர் வாக்காளரே அல்ல, வாக்காளர் அல்லாதவர் வேட்பாளராகவும் முடியாது என்று தீர்ப்பளித்தது. ஜன் சௌகிதார் வழக்கு. அன்றைக்கே, அதே அமர்வு, தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உடனே பதவி இழப்பார்கள் என்று லில்லி தாமஸ் வழக்கிலும் சொன்னது. நாடாளுமன்றம் சுறுசுறுப்பாக எழுந்தது. சில வாரங்களில் திருத்தம் வந்தது: சிறையில் இருப்பதால் ஓட்டுப் போட முடியாது என்றாலும் பட்டியலில் பேர் இருக்கும்வரை அவர் வாக்காளர்தான், ஆகவே தேர்தலில் நிற்கலாம். கட்சிகள் சண்டை போடாமல் நிறைவேற்றிய சட்டங்களில் இது ஒன்று. திருத்தத்தை எழுத உட்கார்ந்தவர்கள் பேனாவை இன்னும் ஒரு வரி ஓட்டியிருந்தால் ஓட்டையும் கொடுத்திருக்கலாம். நிற்கும் உரிமை போதும் என்று நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் நிற்கிறவர்கள் அவர்கள். 2024-ல் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்துகொண்டே பாராமுல்லாவில் ஜெயித்தார் இன்ஜினியர் ரஷீத். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருக்குப் போட்டார்கள். அவரால் அவருக்குப் போட முடியவில்லை.

*

விருதுநகரில் பிறந்தவனுக்கு இந்த இடத்தில் 1941 ஞாபகம் வராமல் போகாது.

1940 டிசம்பரில் வார்தாவுக்குப் போகும் வழியில் காமராஜரைக் கைது செய்து, இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேலூர் சிறையில் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வெளியே வந்ததும் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, இந்தப் பதவிக்கு என்னால் முழு நேரம் கொடுக்க முடியாது என்று ராஜினாமா கொடுத்துவிட்டுக் கிளம்பினார். எங்கள் ஊரில் இதை அவருடைய தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது ஊர்க்காரர்கள் செய்தது. ‘உள்ளே இருக்கிற ஆள்’ என்பது அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் அப்போது தடுப்புக் காவல் கைதி. இன்றைய விதிப்படியும் அவருக்குத் தபால் ஓட்டு உண்டு. ஆனால் 1930-ல் அப்படியல்ல. உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டதற்காகத் தண்டனை விதிக்கப்பட்ட கைதி அவர். இரண்டாண்டு. அலிப்பூர் சிறை. காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்ததால் 1931-ல் முன்கூட்டியே விடுதலை. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஆறு வருஷம் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற இன்றைய எட்டாம் பிரிவை அன்றைக்குப் பொருத்திப் பாருங்கள். சென்னை மாகாணத் தேர்தல் நடந்தது 1937 பிப்ரவரியில். ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1931 மார்ச்சில். சில வாரம் பாக்கியிருந்திருக்கும். காமராஜர் சட்டசபைக்குள் போயிருக்க முடியாது.

அதே காலத்தைப் பற்றி எங்கள் பக்கம் இன்னொரு கதை சொல்வார்கள். நகராட்சித் தேர்தலில் நிற்பதற்கு வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும் என்று விதி. காமராஜர் பேரில் சொத்து ஏது? முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கி, காமராஜர் பேரில் அதற்கு வரி கட்டி, ரசீதைக் கையில் கொடுத்து நிற்க வைத்தாராம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பின்னால் இவ்விருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள் என்பதால் சொல்பவர்களுக்கு இதில் ருசி அதிகம். எனக்கு அந்த ரசீதுதான் முக்கியம். வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டும் வேட்புமனுவும் வரி ரசீதுக்குப் பின்னால் வந்தன. 1950-ல் அரசியல் சாசனம் அந்த ரசீதைக் கிழித்துப் போட்டது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. இங்கிலாந்துகூட அதை எட்ட நூறு வருஷம் தவணை முறையில் எடுத்துக்கொண்டது.

கிழித்துப்போட்ட ரசீது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்ததை ஜாமீன் மனுவோடு கோர்ட் வராந்தாவில் நின்றவர்களுக்குத் தெரியும். ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள் உண்டு. இரண்டு பேர் சூரிட்டி கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுத் தீர்வை ரசீது கொண்டு வர வேண்டும். குடிசைக்கு ஏது தீர்வை? தீர்வை கட்டும் சொந்தக்காரர் வெடி கேசுக்குக் கையெழுத்துப் போடப் பயப்படுவார். ரசீது கிடைத்தவர் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார், ஓட்டும் கூட வருகிறது. கிடைக்காதவர் விருதுநகர் மாவட்டச் சிறையிலோ மதுரை மத்திய சிறையிலோ இருக்கிறார். இரண்டு பேர் மேலும் போட்டிருப்பது ஒரே பிரிவாக இருக்கலாம், ஒரே குற்றப்பத்திரிகையில் ஏ-1, ஏ-2 ஆகக்கூட இருக்கலாம். வர்மா சொன்ன ‘தன் நடத்தையால் உள்ளே போனவர்’ என்ற வாக்கியத்தில் நடத்தை என்பதை எடுத்துவிட்டு ரசீது என்று போட்டால் பாதிச் சிறைக்குச் சரியாகப் பொருந்தும்.

இதற்கு மேல் ஒரு கோமாளித்தனம் உண்டு. அதே ஆளைத் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் போட்டால் அது தடுப்புக் காவல். சட்டத்தின் எழுத்துப்படி அவருக்குத் தபால் ஓட்டு உண்டு. சமூகத்துக்கே ஆபத்தானவர் என்று கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஓட்டு திரும்பி வரும். சாதா கேசில் சாதாவாக உள்ளே இருந்தால் வராது. போலீஸ் பற்றாக்குறை என்ற மூன்றாவது காரணமும் இங்கேயே உடைகிறது. தபால் ஓட்டுக்குப் போலீஸ் வேண்டியதில்லை. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பெட்டி எடுத்துப் போகிறார்கள் இப்போது. நாட்டில் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று அரசாங்கத்துக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே வாக்காளர் கைதிதான். தினமும் எண்ணிப் பூட்டுகிறார்கள்.

*

வர்மாவின் தீர்ப்பு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், 1999 ஏப்ரல் 1 அன்று தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் இதே கேள்விக்குப் பதில் எழுதியது. ஆகஸ்ட் வழக்கு. ஆகஸ்ட் என்பது மாதமல்ல, மனுதாரரான கைதியின் குடும்பப் பெயர். எழுதியவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால்தான் வித்தியாசம் உறைக்கும். வர்மா தொடங்கும் இடம் ஓட்டு சட்டம் கொடுத்தது என்பது. சாக்ஸ் தொடங்குவது, ஓட்டு என்பது ஆளை ஆளாக எண்ணுவதன் அடையாளம், அதாவது நீயும் கணக்கில் உண்டு என்று நாடு ஒருவரிடம் சொல்வது என்ற இடத்தில். நிறவெறிக் காலம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களைக் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்த நாட்டுக்கு அந்த வாக்கியத்தின் எடை தெரியும். கைதிகளின் ஓட்டை எடுக்கச் சட்டம் எதுவும் போடவில்லையே, பதிவு செய்ய ஏற்பாடு செய்யாமல் விட்டதுதானே என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. ஏற்பாடு செய்யாமல் இருப்பதே பறிப்பதுதான் என்றார். ஜூன் தேர்தலுக்கு ஏற்பாடு நடந்தது. பிறகு அரசு ஒரு சட்டத் திருத்தத்தால் தண்டனைக் கைதிகளில் ஒரு பகுதியினரைத் தடுத்துப் பார்த்தது. செலவு, ஆள்பலம் என்று நம் தீர்ப்பில் உள்ள அதே காரணங்கள். 2004-ல் அதையும் அந்த நீதிமன்றம் தள்ளியது.

நம் தீர்ப்பை விட அது நன்றாக எழுதப்பட்டது என்பது மட்டும் அல்ல விஷயம். எழுதியவர் யார் என்பதும் இருக்கிறது. சாக்ஸ் 1963-ல் விசாரணையின்றித் தனிச்சிறையில் இருந்தவர், அதைப் பற்றிச் சிறைக்குறிப்பு எழுதியவர். இது தெரிந்ததும் சரி, உள்ளே இருந்தவர் உள்ளே இருப்பவருக்காக எழுதுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் அடுத்த தகவலுக்கு வந்தேன். 1988 ஏப்ரலில் மாபுடோ நகரில் தென்னாப்பிரிக்க உளவுத்துறை அவர் காரில் வைத்த குண்டு வெடித்தது. வலது கை போயிற்று. ஒரு கண் பார்வை போயிற்று. சிவகாசிக்காரன் இதை வாசிக்கும்போது ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். வெடியில் கை போனவர்கள் எங்கள் தெருவுக்குத் தெருவு உண்டு.

இந்த இடத்தில் என் தரப்பை ஒரு பெண்ணிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். விபத்தில் மகனை இழந்தவர். அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தது என் மடத்தனம்தான்.

“கொன்னு போட்டு உள்ள போனவனுக்கு ஓட்டு ஒண்ணுதான் கொறையாக்கும்? எம் மகனுக்கு இருந்துச்சு தம்பி ஓட்டு. மொத ஓட்டு. அட்டை வந்துச்சு, அவன் இல்ல.”

என்னிடம் பதில் இல்லை. சாக்ஸின் தீர்ப்பையா சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்த ஆலை முதலாளி இப்போது எங்கே என்று கேட்டேன்.

“இங்கனதான். போன எலெக்‌ஷனுக்கு எனக்கு நாலு ஆளு முன்னாடி வரிசைல நின்னாரு. கும்பிடு வேற போட்டாரு.”

அவர் கேட்டது இறந்தவருக்கான நியாயம். அந்த நியாயத்தை 62(5) கொடுக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதை அவரே ஒரு வரியில் சொல்லிவிட்டார். குற்றத்துக்குத் தண்டனையாக ஓட்டைப் பறிப்பது என்று ஒன்று இருந்தால், நீதிபதி விசாரித்து, இன்ன குற்றத்துக்கு இத்தனை வருஷம் என்று தீர்ப்பில் எழுத வேண்டும். அதை நான் ஏற்பேனா என்பது வேறு விஷயம், குறைந்தபட்சம் அதோடு வாதாட முடியும். நம் சட்டம் குற்றத்தைப் பார்ப்பதில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கொலைக்குற்றம் நிரூபணமாகி மேல்முறையீட்டில் ஜாமீனில் வந்தவருக்கு ஓட்டு உண்டு.

இதன் மறுபக்கத்தையும் பாராட்டிவிடலாம். சிறை வாசலைத் தாண்டிய நிமிஷம் இந்தியச் சட்டம் ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மனு, மன்னிப்பு எதுவும் வேண்டாம். கடல் தாண்டி இலங்கைக்குப் போனால், குறிப்பிட்ட அளவு தண்டனை அனுபவித்தவர் விடுதலையாகி ஏழு வருஷம் வரை வாக்காளராக முடியாது என்கிறது அவர்கள் அரசியலமைப்பின் 89-ஆம் உறுப்புரை. அங்கே குடியுரிமையைப் பறிப்பது தனியொரு அரசியல் கலையாகவே வளர்ந்தது. 1980-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியுரிமைகளை ஏழு வருஷத்துக்குப் பறித்தார்கள். 1986-ல் ஜெயவர்த்தனாவே திருப்பிக் கொடுத்தார். அமெரிக்காவின் புளோரிடாவில் தண்டனை முடித்தவர்களுக்கும் ஓட்டு இல்லை என்று இருந்ததை 2018-ல் மக்களே வாக்கெடுப்பில் மாற்றினார்கள். நூற்றுக்கு அறுபது பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற வரம்பைத் தாண்டியே நிறைவேறியது. மறு வருஷமே அந்த மாநிலச் சட்டசபை, கோர்ட் விதித்த அபராதம், கட்டணம், நஷ்டஈடு எல்லாம் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாக அர்த்தம் என்று ஒரு சட்டம் போட்டது. அங்கேயும் கடைசியில் ரசீது.

நம் ஊரில் வெளியே வந்தவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. பட்டியல். சசிகலா 2021 ஜனவரியில் தண்டனை முடித்து வந்தார். தேர்தலில் நிற்கத் தடை, ஓட்டுப் போடத் தடை இல்லை. ஏப்ரலில் பார்த்தால் ஆயிரம் விளக்கு தொகுதிப் பட்டியலில் அவர் பேர் இல்லை. வேதா நிலையம் அரசு இல்லமான பிறகு அந்த முகவரியில் இருந்த பேர்களை நீக்கிவிட்டார்கள். வக்கீல் படை உள்ளவருக்கே இந்தக் கதி என்றால், மூன்று வருஷம் உள்ளே இருந்த காலத்தில் குடும்பம் வாடகை வீடு மாறிப்போன ஒரு கூலிக்காரர் தன் பேரை எந்தப் பூத்தில் போய்த் தேடுவார்?

*

தமிழ் சினிமாவில் ஓட்டைப் பற்றிய ஆகச் சிறந்த படம் மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ என்பது என் எண்ணம். 2021 ஏப்ரல் 6 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் டி.வி.யில் வந்தது. ஊருக்கு வெளியே மரத்தடியில் முடி வெட்டும் ஒருவன். யாருக்கும் அவன் பேர் தெரியாது, அவனுக்கே தெரியாது. சேர்த்த காசைப் போட்டு வைக்கப் போஸ்ட் ஆபீசுக்குப் போகிறான். கணக்குத் தொடங்க அடையாளம் வேண்டும், அடையாளத்துக்குப் பேர் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பெண் அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று வைக்கிறாள். அட்டை வருகிறது. தேர்தலில் இரண்டு பக்கமும் சமமாக நிற்க, இவன் ஓட்டு ஒன்றுதான் மீதி. அதுவரை கொல்லைப்புறமாக வரச் சொன்னவர்கள் முன்வாசலில் நாற்காலி போடுகிறார்கள்.

ஓட்டு என்பது முதலில் ஒரு பேர், அப்புறம்தான் ஒரு பொத்தான் என்பதை இந்தப் படம்போல் யாரும் காட்டவில்லை. சாக்ஸ் தீர்ப்பில் எழுதியதைத்தான் யோகி பாபு முகத்தில் காட்டுகிறார். எனக்குள்ள குறை ஒன்றே. இருபத்தேழு வருஷம் சிறையில் இருந்துவிட்டு, எழுபத்தைந்தாம் வயதில், 1994 ஏப்ரல் 27 அன்று டர்பனுக்குப் பக்கத்தில் இனாண்டாவில் தன் முதல் ஓட்டைப் போட்டவரின் பேரை எடுத்துக்கொண்ட படம், அந்தச் சிறையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் மண்டேலாவுக்கு ஓட்டு இல்லாமல் போனது சாதியால், வறுமையால். சட்டத்தால் அல்ல. ஆகவே ஒரு நல்ல மனசுள்ள அரசு ஊழியர் வந்தால் சரியாகிவிடுகிறது. 62(5)-க்கு எந்தப் போஸ்ட் ஆபீஸ் பெண்ணாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே வருஷம் வந்த ‘ஜெய் பீம்’ சிறை வாசலில் தொடங்குகிறது. வெளியே வருகிறவர்களிடம் சாதி கேட்டு ஒரு பக்கம் பிரித்து, வேறு கேஸ் போடத் திரும்ப வண்டியில் ஏற்றுகிறார்கள். இரண்டு படத்துக்கும் நடுவில் எடுக்கப்படாத ஒரு படம் இருக்கிறது. அதில் யாரும் அடிபட வேண்டியதில்லை. ஓட்டு நாள் அன்று சிறையில் ஓர் ஆள் காலைச் சாப்பாட்டுக்குத் தட்டோடு நிற்கிறார், அவ்வளவுதான். யாரும் எடுக்க மாட்டார்கள், அதில் சண்டையும் இல்லை பாட்டும் இல்லை.

வர்மாவின் தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகிறது. ஒரு சட்ட மாணவர் தொடுத்த புது வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியது. இதற்கிடையில், 2013 செப்டம்பரில் நோட்டா வழக்கில், எனக்கு யாரும் வேண்டாம் என்று சொல்வதும் கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதி, அது அடிப்படை உரிமை என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாரும் வேண்டாம் என்பதற்கே அவ்வளவு மரியாதை உண்டென்றால், இவர் வேண்டும் என்று சொல்வதற்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது. கைதிகளின் ஓட்டைச் சிறைக்குள்ளிருக்கும் ரவுடிகள் மொத்தமாக வாங்கிவிடுவார்கள் என்கிறார்கள். இருக்கலாம். எங்கள் தொகுதியில் வெளியே இருப்பவர்களின் ஓட்டை எப்படி வாங்குகிறார்கள், என்ன விலை என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை நீண்டுவிடும்.

2013 திருத்தத்தால் கைதியின் பேர் பட்டியலில் அப்படியே நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா. அதனால் ஒரு காரியம் நடக்கும். தேர்தலுக்கு முந்தின வாரம் பூத் சிலிப் கொடுக்க வருகிறவர், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை சிலிப்பையும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். சிவகாசிக்கு மேற்கே ஒரு வீட்டில் போர்மேனின் மனைவி இரண்டு சிலிப்பையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாமியாருடையது ஒன்று, தன்னுடையது ஒன்று என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாவது அவருடையது. பாகம் எண், வரிசை எண், பேர், எல்லாம் சரியாக இருந்தது. வாக்குச்சாவடி, ஊர்ப் பள்ளிக்கூடம்.

“இதத் திருப்பிக் குடுத்துரணுமா அண்ணாச்சி, இல்ல வச்சுக்கிரலாமா?” என்று கேட்டார்.